இரண்டு ஈடாகப் போடுங்கள்: வீட்டு அடுப்பில் ஸ்டிர் ஃப்ரை

நான் முதன்முதலில் செய்த ஸ்டிர் ஃப்ரை கூட்டாக முடிந்தது. கோழி, பீன்ஸ், கேரட், குடைமிளகாய், முட்டைகோஸ் எல்லாவற்றையும் ஆசை ஆசையாக நறுக்கி, அலம்பிய ஈரத்தோடு ஒரே சட்டியில் கொட்டினேன். இரண்டு நிமிடத்தில் அடியில் தண்ணீர் கட்டிக்கொண்டது. அதை வற்றவைக்கப் பத்து நிமிடம் ஆனது. அதற்குள் பீன்ஸ் பாசி நிறத்துக்குப் போய்விட்டது, கோழி ரப்பராகிவிட்டது. அத்தை ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "ஏம்மா, கூட்டுக்குப் பருப்பு போடலையா?" என்றார். கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார்.

அதற்கப்புறம் பல மாதம் சாஸ் பாட்டிலைத்தான் மாற்றிக்கொண்டிருந்தேன். இதில் கொஞ்சம் கூட்டினேன், அதில் கொஞ்சம் குறைத்தேன். ருசி மாறியதே தவிர, அந்தக் கொதகொதப்பு போகவே இல்லை. குற்றம் சாஸில் இல்லை, தண்ணீரிலும் சட்டியில் போட்ட அளவிலும் இருந்தது என்று புரிய வெகுநாள் ஆயிற்று. இந்த இரண்டும் பிடிபட்டுவிட்டால், கையில் இருக்கிற எந்தக் காயையும் வைத்து இருபது நிமிடத்தில் ராத்திரிச் சாப்பாட்டை முடித்துவிடலாம். நறுக்குகிற நேரம் தனி. அதை மறைத்துச் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

பொரியலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

"நாம் செய்கிற பொரியல்தானே?" என்று கேட்பவர்கள் உண்டு. சொந்தம்தான், ஆனால் ஒன்றல்ல. பொரியலில் தாளித்து, காயைப் போட்டு, தண்ணீர் தெளித்து, மூடி, சிறுதீயில் வேகவிடுகிறோம். காய் வேகுவது ஆவியில். ஸ்டிர் ஃப்ரையில் வேகவைப்பது சட்டியின் சூடு. தீ முழுசாக எரியும், காய் மெல்லிசாக இருக்கும், கை நிற்காது, இரண்டு மூன்று நிமிடத்தில் வேலை முடியும். காய் வெந்திருக்கும், ஆனால் கடித்தால் நறுக்கென்று இருக்கும்.

சீன மொழியில் இதற்குப் பெயர் சாவ். அந்தச் சொல்லை எழுதும்போது இடப்பக்கம் வருவது நெருப்பின் குறி. ஸ்டிர் ஃப்ரை என்ற ஆங்கிலச் சொல் சமீபத்தில் வந்ததுதான். புவெய் யாங் சாவ் என்ற சீன மருத்துவர் 1945-ல் அமெரிக்காவில் வெளியிட்ட சமையல் நூலில் அதை உண்டாக்கினார் என்பார்கள். அவருடைய கணவர் யுவென் ரென் சாவ் பெயர்பெற்ற மொழியியலாளர். அந்த வீட்டில் சொல்லுக்குப் பஞ்சம் இருந்திருக்காது.

முதலில் அடுப்பின் கணக்கு

தெருமுனை ஃபாஸ்ட் ஃபுட் வண்டியில் அடுப்பு போடுகிற இரைச்சலைக் கேட்டிருப்பீர்கள். பெரிய சீன உணவகங்களில் வோக் சட்டிக்கென்றே இருக்கும் பர்னர்கள் 30 கிலோவாட் வரைகூடப் போகும். நம் வீட்டு கேஸ் அடுப்பின் பெரிய பர்னர் சுமார் 2 கிலோவாட். பத்து மடங்குக்கு மேல் வித்தியாசம். அங்கே தூக்கித் தூக்கிப் போட்டு, தீ சட்டிக்குள் எட்டிப் பார்த்து, கான்டனீஸ்காரர்கள் வோக் ஹே என்று சொல்கிற அந்தப் புகைவாசம் வருகிறது. சட்டியின் மூச்சு என்று சொல்லலாம். அதை வீட்டில் அப்படியே கொண்டுவர முடியாது. முக்கால்வாசி கொண்டுவரலாம், அதற்கு நம்மிடம் இருக்கிற கொஞ்சச் சூட்டை வீணாக்காமல் இருந்தால் போதும்.

சூட்டைத் திருடுவது தண்ணீர். அலம்பிய காயில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஈரம் 50 மி.லி. என்று வையுங்கள், ஒரு சின்ன டம்ளரில் பாதிகூட இல்லை. 2 கிலோவாட் பர்னரின் சூட்டில் பாதிக்குச் சற்று அதிகம்தான் சட்டிக்குள் வந்து சேரும். அதில் இந்த 50 மி.லி. ஆவியாகக் கிட்டத்தட்ட இரண்டு நிமிடம் வேண்டும். ஸ்டிர் ஃப்ரையின் மொத்த நேரமே அவ்வளவுதான். அதாவது, காய் வதங்க வேண்டிய நேரம் முழுவதும் அலம்பிய தண்ணீரைக் காயவைப்பதிலேயே போய்விடுகிறது.

அதனால் காயைச் சமைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே அலம்பி, வடிதட்டில் போட்டு, மெல்லிய துண்டில் பரப்பிவிடுவேன். கீரை, கோஸ் மாதிரி ஈரம் பிடித்துக்கொள்வதைத் துண்டில் சுற்றி ஒருமுறை உதறுவேன். எங்கள் வீட்டு மொட்டைமாடிக் கொடியில் காய்கறித் துண்டு என்று தனியாக ஒன்று காயும்.

சட்டி

தனி வோக் வாங்க அவசரப்படாதீர்கள். வீட்டில் இரும்பு வாணலி இருந்தால் அதுவே போதும், அகலமானதாக இருந்தால் இன்னும் நல்லது. அடி உருண்ட சட்டி நம் கேஸ் அடுப்பின் கால்களில் அழகாக உட்கார்ந்துகொள்ளும். மின் அடுப்பு வைத்திருக்கும் வெளிநாட்டுக்காரர்களுக்கு இந்த வசதி இல்லை. இண்டக்‌ஷன் என்றால் தட்டையான அடி உள்ள இரும்புச் சட்டி பாருங்கள்.

புது இரும்புச் சட்டியைத் தோசைக்கல்லைப் பழக்குவது மாதிரியே பழக்க வேண்டும். தேய்த்துக் கழுவி, அடுப்பில் வைத்து ஈரம் போகக் காயவைத்து, துணியில் எண்ணெய் தொட்டு மெல்லிசாகத் தடவி, புகை வரும்வரை சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி தடவி, இப்படி நான்கைந்து தடவை. எண்ணெய் அதிகமாகத் தடவினால் பிசுபிசுப்பாகிவிடும். திருப்புவதற்கு இரும்புச் சட்டுவம் நல்லது, அடியில் ஒட்டுவதைச் சுரண்டி எடுக்கும்.

நான்ஸ்டிக்கை இதற்கு எடுக்காதீர்கள். அதன் பூச்சு 260 டிகிரி செல்சியஸுக்கு மேல் சிதையத் தொடங்கும். வெறும் சட்டியைப் பெருந்தீயில் காயவைத்தால் அந்தச் சூடு சில நிமிடத்தில் வந்துவிடும். அலுமினியச் சட்டியில் செய்யலாம், கோழி ஒட்டிக்கொண்டு உயிரை வாங்கும், அவ்வளவுதான்.

எண்ணெய்

சுத்திகரித்த கடலெண்ணெய் அல்லது தவிட்டெண்ணெய் சரியாக வரும், பெருந்தீயைத் தாங்கும். செக்குக் கடலெண்ணெய் வாசனையாக இருக்கும், ஆனால் சீக்கிரம் புகைந்துவிடும். நாலு பேருக்கு மொத்தம் 2 மேசைக்கரண்டி போதும்.

நல்லெண்ணெய் விஷயத்தில் ஒரு குழப்பம் எல்லோருக்கும் வருகிறது. சீனச் சமையல் குறிப்பில் எள்ளெண்ணெய் என்று இருந்தால், அது எள்ளை நன்றாக வறுத்து ஆட்டிய கருமையான எண்ணெய். அடுப்பை அணைத்தபின் வாசனைக்காக அரை டீஸ்பூன் விடுவது. நம் நல்லெண்ணெய் எள்ளை வறுக்காமல் ஆட்டியது. அதை ஊற்றினால் கெட்டுப்போகாது, ஆனால் இட்லிப் பொடி ஞாபகம் வரும்.

நாலு பேருக்கு, ஒரு ராத்திரிக்கு

கீழே இருப்பது எங்கள் வீட்டில் வாரம் ஒருமுறை நடப்பது. காய் கறியைப்போல இரு மடங்கு. இதில் மட்டும் கை நீள விடாதீர்கள். ஒரு நாளைக்குக் காயும் பழமும் சேர்த்து 400 கிராமாவது சாப்பிடச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். இந்த ஒரு தட்டில் ஆளுக்கு 150 கிராம் காய் வந்துவிடுகிறது.

எலும்பில்லாத கோழி 300 கிராம். தொடைக் கறி என்றால் காய்ந்துபோகாது. பீன்ஸ் 150 கிராம், கேரட் 100, குடைமிளகாய் 150, முட்டைகோஸ் 100, பெரிய வெங்காயம் ஒன்று. பூண்டு ஆறு பல், இஞ்சி கட்டைவிரல் நுனி அளவு, வரமிளகாய் மூன்று, வெங்காயத்தாள் நாலைந்து.

சாஸுக்கு: சோயா சாஸ் 1 மேசைக்கரண்டி, நிறத்துக்கு டார்க் சோயா அரை டீஸ்பூன், சர்க்கரை அரை டீஸ்பூன், பொடித்த மிளகு அரை டீஸ்பூன், சோள மாவு 1 டீஸ்பூன், தண்ணீர் 4 மேசைக்கரண்டி. எல்லாவற்றையும் ஒரு கிண்ணத்தில் கலக்கி அடுப்புப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். வினிகர் 1 டீஸ்பூன் தனியாக இருக்கட்டும்.

உப்பு எங்கே என்று தேடாதீர்கள். சோயா சாஸ் ஒரு மேசைக்கரண்டியிலேயே இரண்டு கிராமுக்கு மேல் உப்பு இருக்கிறது. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள் என்பதுதான் உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஸ்டிர் ஃப்ரை உடம்புக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டே பாட்டிலைக் கவிழ்க்கிறவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். மேலே சொன்ன அளவில், கோழிக்குப் போடுவதையும் சேர்த்து, ஆளுக்கு ஒரு கிராமுக்குள் அடங்கிவிடும்.

அஜினோமோட்டோ பற்றிக் கேட்பார்கள். 1908-ல் டோக்கியோவில் கிகுனே இகேடா என்ற வேதியியலாளர் கடற்பாசிச் சாற்றின் ருசி எங்கிருந்து வருகிறது என்று தேடிக் கண்டுபிடித்த பொருள் அது. தக்காளியிலும் காளானிலும் இயற்கையாகவே இருக்கிற குளூட்டமேட்தான். விஷம் ஒன்றும் இல்லை. நான் போடுவதில்லை, அதற்குப் பதில் நாலு காளானை நறுக்கிப் போட்டுவிடுவேன்.

நறுக்குவது

கோழியை அரைமணி நேரம் ஃப்ரீசரில் வைத்து எடுத்தால் கெட்டிப்பட்டு, மெல்லிசாக அரிய வரும். தசைநார் ஓடுகிற திசைக்குக் குறுக்கே, அரை சென்டிமீட்டர் கனத்தில் சீவுங்கள். நாரோடு சேர்த்து நீளவாக்கில் வெட்டினால் மெல்ல மெல்ல மெல்லவேண்டியிருக்கும். கறிக்கு ஒரு பலகை, காய்க்கு ஒரு பலகை.

சீவிய கோழியில் ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு, சோயா சாஸ் 1 டீஸ்பூன், தண்ணீர் 1 மேசைக்கரண்டி, சோள மாவு 2 டீஸ்பூன், கடைசியில் எண்ணெய் 1 டீஸ்பூன் விட்டுப் பிசறி 20 நிமிடம் வையுங்கள். தண்ணீரைக் கறி குடித்துக்கொள்ளும், மாவு மேலே ஒரு மெல்லிய சட்டை போட்டுவிடும். உணவகக் கோழி மட்டும் எப்படி அவ்வளவு வழுவழுப்பாக இருக்கிறது என்ற கேள்விக்கு விடை இந்த மாவும் தண்ணீரும்தான்.

பீன்ஸைச் சாய்வாக, இரண்டு அங்குல நீளத்தில். கேரட்டைச் சாய்வாக வில்லைபோட்டு, ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே கனமாக. குடைமிளகாய், வெங்காயம், கோஸ் மூன்றும் சதுரத் துண்டு. வடிவம் எப்படி இருந்தாலும் பரவாயில்லை, ஒரு காயின் துண்டுகள் எல்லாம் ஒரே கனத்தில் இருக்க வேண்டும். பூண்டையும் இஞ்சியையும் தட்டிப் பொடியாக நறுக்குங்கள். விழுதாக அரைத்தால் அடிப்பிடித்துக் கருகும்.

இனி அடுப்பு

எல்லாம் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். சட்டி காய்ந்தபிறகு சோயா சாஸ் மூடியைத் திறக்க முடியாமல் பல்லால் கடித்துக்கொண்டிருந்த அனுபவம் எனக்கு உண்டு. எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுங்கள், ஜன்னலைத் திறங்கள்.

வெறும் சட்டியைப் பெருந்தீயில் இரண்டு மூன்று நிமிடம் காயவிடுங்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் அது அங்கேயே பொரிந்து மறையக் கூடாது, முத்து மாதிரி உருண்டு ஓட வேண்டும். அந்தச் சூடு வந்ததும், ஈரம் இல்லாத சட்டியில் 2 டீஸ்பூன் எண்ணெய் விட்டுச் சுழற்றி, கோழியில் பாதியை மட்டும் போடுங்கள்.

ஆமாம், பாதிதான். வடை சுடும்போது மாவு முழுவதையும் ஒரே ஈட்டிலா போடுகிறோம்? எண்ணெய் ஆறிவிடும் என்று தெரியும், அதனால் நாலு நாலாகப் போடுகிறோம். இங்கேயும் அதே கதைதான். 300 கிராம் குளிர்ந்த கறி ஒரே நேரத்தில் விழுந்தால் சட்டி சூடு இழந்து, கறி தன் சாற்றிலேயே வேகும்.

கோழியைப் பரப்பிவிட்டு ஒரு நிமிடம் தொடாதீர்கள். பேரில்தான் கிளறல் இருக்கிறது, வீட்டு அடுப்பில் ஆரம்பத்தில் கிளறாமல் இருப்பதுதான் நல்லது. அடிப்பக்கம் பொன்னிறமானதும் தானே விடுபடும். அப்போது புரட்டி இன்னும் ஒன்றரை நிமிடம். உள்ளே இளஞ்சிவப்பு இல்லை என்று ஒரு துண்டைப் பிட்டுப் பார்த்து, சுத்தமான தட்டில் எடுத்துவையுங்கள். பச்சைக் கறி இருந்த கிண்ணத்திலேயே திரும்பப் போடாதீர்கள். அடுத்த பாதியையும் இதே மாதிரி.

இந்த இடத்தில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். சட்டி நல்ல சூட்டில் இருக்கும்போது சுர்ர்ரென்று ஒரு கூர்மையான சத்தம் விடாமல் வரும். அது மங்கித் தளதளவென்று மாறினால் தண்ணீர் கட்டுகிறது என்று அர்த்தம். உடனே பாதியை வெளியே எடுத்துவிடுங்கள், சத்தம் திரும்பி வந்ததும் மறுபடி போடலாம். கடிகாரத்தைப் பார்த்துச் செய்ததைவிட, இந்தச் சத்தத்தைக் கேட்டுச் செய்த நாட்களில்தான் எனக்குச் சரியாக வந்திருக்கிறது.

அடுத்தது காய். சட்டியை மறுபடி காயவிட்டு, 2 டீஸ்பூன் எண்ணெயில் பீன்ஸும் கேரட்டும். இவை கெட்டி, அதனால் முதலில். விடாமல் புரட்டி இரண்டரை நிமிடம். பீன்ஸின் தோலில் அங்கங்கே கொப்புளம் மாதிரிக் கருத்த புள்ளி வந்தால் பதம். இன்னும் பச்சை வாடை அடித்தால் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் தெளித்து அரை நிமிடம் மூடலாம், பாவமில்லை. தட்டில் எடுத்துவிட்டு, மிச்ச எண்ணெயில் வெங்காயம், குடைமிளகாய், கோஸ் மூன்றையும் ஒன்றரை நிமிடம்.

இப்போது காயை ஓரமாக ஒதுக்கி, நடுவில் வரமிளகாய், இஞ்சி, பூண்டு. பதினைந்து வினாடி, வாசனை தூக்கியதும் காயோடு கலந்துவிடுங்கள். பல குறிப்புகள் பூண்டைத்தான் முதலில் போடச் சொல்லும். சமைப்பவர் கை மின்னலாக இருந்தால் அது சரி. நான் காயை எடுத்துப் போடுவதற்குள் பூண்டு கருகிக் கசந்துவிடும்.

எடுத்துவைத்த கோழி, பீன்ஸ், கேரட் எல்லாம் திரும்பச் சட்டிக்குள். சாஸ் கிண்ணத்தில் மாவு அடியில் படிந்திருக்கும், ஒரு கலக்குக் கலக்கி, காயின் தலையில் ஊற்றாமல் சட்டியின் ஓரத்தில் சுற்றி ஊற்றுங்கள். சூடான இரும்பில் பட்டதும் சோயா பொங்கிக் கருகுகிற அந்த வாசனையில்தான் ஃபாஸ்ட் ஃபுட் கடை மணம் கொஞ்சம் இருக்கிறது. அரை நிமிடத்தில் சாஸ் கண்ணாடி மாதிரிப் பளபளத்துக் காயில் ஒட்டும். அடுப்பை அணையுங்கள். வினிகர், வெங்காயத்தாள். வினிகரை முன்பே ஊற்றினால் புளிப்பின் கூர்மை போய்விடும், பழகிய சட்டியின் பூச்சும் அரிக்கும்.

உடனே பரிமாறுங்கள். ஐந்து நிமிடம் மூடிவைத்தாலே ஆவியில் துவண்டுவிடும்.

கோழி இல்லாத நாட்கள்

சைவ வீடுகளுக்கு டோஃபு நல்லது. துணியில் சுற்றி, மேலே அம்மிக் குழவியை வைத்து 20 நிமிடம் அழுத்தினால் உள்ளிருக்கும் தண்ணீர் இறங்கும், அப்புறம் நன்றாகச் சிவக்கும். பனீரும் போடலாம், ஆனால் கொழுப்பு அதிகம், 150 கிராமோடு நிறுத்துங்கள். வேகவைத்த கொண்டைக்கடலையைத் துடைத்துப் போட்டால் மொறுமொறுப்பாக வரும், செலவும் குறைவு. காளான் என்றால் எண்ணெயே விடாமல் வெறும் சட்டியில் முதலில் வதக்குங்கள், விட்ட தண்ணீர் வற்றியபின் எண்ணெய். இறால் இரண்டு நிமிடம்தான், சுருண்டு வட்டமானால் வெந்து மிஞ்சிவிட்டது என்று அர்த்தம்.

ப்ரோக்கோலியும் பேபி கார்னும் இருந்தால்தான் ஸ்டிர் ஃப்ரை என்று நினைக்க வேண்டாம். சீன வீடுகளில் பீர்க்கங்காயை முட்டையோடு வதக்குகிறார்கள், பாகற்காயையும் அப்படியே. தண்டுக்கீரை இனக் கீரைகளை வெறும் பூண்டோடு வதக்குவது அங்கே அன்றாடம் நடப்பது. நம் ஊரில் குளத்தோரம் படரும் வள்ளைக்கீரைதான் சிங்கப்பூர், மலேசியாவில் காங்கோங். இலங்கையில் கங்குன் என்று சந்தையில் கட்டுக் கட்டாக விற்கும். தண்டை முதலில் போட்டு, அரை நிமிடம் கழித்து இலை, ஆறு பல் பூண்டு, இரண்டு மிளகாய், ஒரு டீஸ்பூன் சோயா. மொத்தம் இரண்டு நிமிடம். இதற்குச் சோள மாவும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம்.

தொட்டுக்கொள்ள என்ன? வெள்ளைச் சாதம், கைக்குத்தல் அரிசிச் சாதம், சப்பாத்தி எதுவும் சரி. தட்டில் பாதி ஸ்டிர் ஃப்ரை, கால்வாசிக்குச் சாதம் என்று வைத்துக்கொள்கிறேன். அத்தை ரசம் சாதத்துக்குத் தொட்டுக்கொள்கிறார். நன்றாகத்தான் இருக்கிறது.

மிச்சம் வந்தால் ஆறியதும் மூடி ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாளே முடித்துவிடுங்கள். மீந்த சாதத்தையும் ராத்திரி முழுக்க வெளியே விடாதீர்கள். வெந்த சாதத்தில் வளர்கிற பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் நச்சு, மறுநாள் எவ்வளவு சூடாக்கினாலும் போகாது. ஃப்ரிட்ஜில் வைத்த சாதம் ஃபிரைட் ரைஸுக்கு அருமையாக உதிரும்.

சட்டி வெதுவெதுப்பாக இருக்கும்போதே வெந்நீர் ஊற்றித் தேங்காய் நாரால் தேய்த்து, அடுப்பில் ஒரு நிமிடம் காட்டி ஈரத்தைப் போக்கி, துணியில் ஒரு சொட்டு எண்ணெய் தொட்டுத் துடைத்து மாட்டிவிடுங்கள். ஸிங்க்கில் ஊறப்போட்டால் காலையில் துருவோடு நிற்கும், பழக்கியது அத்தனையும் மறுபடி முதலிலிருந்து.